மேல் பூச்சு அவர்களுடையது

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வைத்த கண்காட்சியில் என் படம் ஒன்றும் இருந்தது. மெட்ரோ வாட்டர் லாரிக்காக உச்சி வெயிலில் தெருவில் காத்திருக்கும் மூன்று பெண்கள். காலடியில் ரோஸ், பச்சை, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள். வயதான ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கிட்டே போனார், தள்ளி வந்தார், மறுபடி கிட்டே போனார். ஓவியம் பார்த்துப் பழகிய கண் என்று பார்த்ததும் தெரிந்தது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கைங்களோட நிறம் இருக்கே, அதுதாம்மா படம். நம்ம ஊர் வெயில் பட்ட கை அப்படித்தான் இருக்கும். நீங்க டாட்டூ போடுறவங்கன்னு சொன்னாங்க, என்னால நம்பவே முடியல. அதையெல்லாம் விட்டுட்டு இதுலயே இருங்க" என்றார். மனசாரச் சொன்னார். அந்த அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவர் பாராட்டிய அந்த நிறத்தை நான் கற்றுக்கொண்டது டாட்டூ கடையில்தான்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடியில் கடை வைத்திருக்கிறேன். வரைவது பெரம்பூரில், வீட்டு மொட்டை மாடி அறையில். கடை வாடகை, கரன்ட் பில், கேன்வாஸ், பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடையில் வரும் காசுதான். படம் எப்போதாவது விற்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அதனால் தெரிந்தவர்கள் எல்லாரும் இரண்டையும் ஒரே மாதிரி பிரித்துவிடுகிறார்கள்: டாட்டூ சோறு போடுகிறது, ஓவியம் மனசுக்கு. என் அம்மாவும் சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொல்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க நான் குனிந்து உட்கார்ந்து பார்ப்பது, கை பழகுவது, யோசிப்பது எதுவும் மாடி அறைக்கு என்கூட வருவதில்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா?

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கவே அந்தக் காசு கைகொடுத்தது. ஓவியக் கல்லூரி வாசல் பக்கம் போன எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எப்போதும் 'பாத்திக் விற்றுப் படம் வரைந்தார்கள்' என்பதோடு கதை முடிந்துவிடும். பாத்திக் அவர்களுடைய கைக்கு என்ன கொடுத்தது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாத்திக்கில் வெளிச்சமாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் மெழுகு பூசிக் காப்பாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் சாயம். எதை விட்டுவைப்பது என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தாக வேண்டிய வேலை அது. பகலெல்லாம் அப்படி யோசித்த ஒருவர் சாயங்காலம் கேன்வாஸ் முன்னால் வேறு ஆளாக நின்றிருப்பார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தோலுக்கு அடியில்

ஊசி போவது ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம், மிஞ்சினால் இரண்டு. மேல்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கில் மை உட்கார வேண்டும். மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாக வந்துகொண்டே இருப்பது, அங்கே நிற்கிற மை சில வாரங்களில் போய்விடும். ரொம்ப ஆழமாக இறக்கினால் கோடு கசிந்து பரவும். சரியான இடத்தில் உட்கார்ந்த மையை உடம்பின் காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் சாகும்போது மை வெளியே வரும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை மறுபடி விழுங்கும். பிரான்ஸில் 2018-ல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். நாம் 'நிரந்தரம்' என்று சொல்வது இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் நிற்கிறது.

நிறத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் நிறத்துக்குக் காரணமான மெலனின் மேல்தோலில் இருக்கிறது, மை அதற்குக் கீழே இருக்கிறது. நான் எந்த நிறத்தைக் குத்தினாலும் அதன்மேல் அந்த ஆளின் சொந்த நிறம் ஒரு மெல்லிய பூச்சாகக் காலத்துக்கும் இருக்கும். பால் கலக்காத டீ நிரம்பிய கிளாஸுக்குப் பின்னால் ஒரு பூவை வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. கேன்வாஸில் கடைசிப் பூச்சு என்னுடையது. தோலில் அது எதிரே உட்கார்ந்திருப்பவருடையது.

அந்தக் காலத்தில் ஊர் ஊராக வந்து பச்சை குத்திய குறவர் இனப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவர்கள் மை தயாரித்த விதத்தை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புது மண்சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக்கொள்வார்கள். ஊசியில் தொட்டது கரி. தோலுக்கு அடியில் போனதும் அது நீலமும் பச்சையுமாகத் தெரிந்தது. என் பாட்டியின் முன்கையில் ஒரு கோலமும் பக்கத்தில் புள்ளி வரிசையும் இருந்தன. நல்ல கறுப்பு அவள். எழுபது வயதிலும் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கோலம் தெரியும். ஒரே ஒரு நிறம், புள்ளி, கோடு, நடுவில் நிறைய இடம். நம் தோலில் எது நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த வடிவம் அது.

இன்றைக்குக் கடைக்கு வருகிறவர்கள் போனில் படம் எடுத்து வருகிறார்கள். பெரும்பாலும் பின்ட்ரெஸ்ட் படம், பெரும்பாலும் வெள்ளைக்காரர் கை. இளம் ரோஸ் பூ, வெளிர் நீலத்தில் ஒரு பறவை, வாட்டர்கலர் தெறித்த மாதிரி ஓரம். அந்தப் படத்தில் பாதி அழகு அந்தத் தோலின் வெளுப்பிலிருந்து வருவது. தோலின் வகையைச் சொல்ல மருத்துவர்கள் வைத்திருக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்கூட 1975-ல் வெள்ளைத் தோலுக்காகத்தான் உருவானது, பழுப்புக்கும் கறுப்புக்குமான 5-ம் 6-ம் வகைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் கிரேயான் பெட்டியில் 'ஸ்கின் கலர்' என்று ஒரு குச்சியைக் கேட்டு வாங்குவோமே, ஞாபகம் இருக்கிறதா? பீச் பழ நிறம். வகுப்பில் இருந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த நிறம் கிடையாது. அப்பாவையும் அம்மாவையும் அந்தக் குச்சியால்தான் தீட்டினோம். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

செம்பருத்தி

ராயபுரத்திலிருந்து ஒரு பி.டி. டீச்சர் வந்தார். காலை ஆறு மணியிலிருந்து மைதானத்தில் நிற்கிற ஆள். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "அக்கா, முன்னாடி ஒரு கடையில என் கையைப் பார்த்ததுமே, உங்க கலருக்குக் கலர் டாட்டூ செட் ஆகாது, கறுப்புலயே போட்டுக்கங்கன்னுட்டாங்க. நீங்களும் அதையே சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் கெளம்பறேன்." வலது தோளில் ஒரு செம்பருத்தி வேண்டும், சிவப்பாக வேண்டும். அவருடைய அம்மா வாசலில் வளர்த்த செடி, அம்மாவும் இல்லை, செடியும் இல்லை.

"உக்காருங்க டீச்சர், உங்க தோள்ல எந்தச் சிவப்பு நிக்கும்னு போட்டுப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன். பூ வரப்போகிற இடத்துக்குள்ளேயே, பிறகு மறைந்துபோகும்படி, சின்னச் சின்னப் பொட்டுகளாக என்னிடம் இருந்த நிறங்களை வைத்துவிடலாம், ஆறும்வரை காத்திருந்து பார்க்கலாம் என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார். ரோஸ், எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் நீலம், வெள்ளை, இரண்டு மூன்று வகைச் சிவப்பு. போட்டு முடித்த அன்றைக்கு எல்லாமே பளிச்சென்று இருந்தன. அதை நம்பக் கூடாது. புதிதாகப் போட்ட மையில் கொஞ்சம் மேல்தோலிலும் ஒட்டியிருக்கும், அது உதிர்ந்து புதுத் தோல் மூடின பிறகு தெரிவதுதான் நிஜ நிறம். நடுவில் சித்திரை வெயில் வேறு. மைதானத்தில் தோளை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னேன், மெரினாப் பக்கம் போனாலும் கடலில் இறங்க வேண்டாம் என்றேன்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வந்தார். ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துப் பார்த்தேன். ரோஸ் வைத்த இடமே தெரியவில்லை. வெளிர் நீலம் சாம்பலாகியிருந்தது. வெள்ளை, ஆறிய தழும்பு மாதிரி ஒரு சிறு வெளிறல், அவ்வளவுதான். எலுமிச்சை மஞ்சள் கடுகு மஞ்சளாக ஒடுங்கிப் போயிருந்தது. ஆரஞ்சு அசையாமல் நின்றது. அதன் பக்கத்தில் இருந்த அடர் சிவப்பைப் பார்த்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பாட்டிலில் இருந்த சிவப்பு அது இல்லை. கறுப்புக்கு உள்ளேயிருந்து மேலே வருகிற சிவப்பு. வெளிச்சம் நேராகப் பட்டால் செங்கல் பக்கம் போகிறது, தோளைக் கொஞ்சம் திருப்பினால் கருஞ்சிவப்புக்கு இறங்குகிறது. அப்படி ஒரு நிறத்தை எந்த டியூபிலிருந்தும் பிதுக்க முடியாது. அவருடைய தோலும் அந்த மையும் சேர்ந்து உண்டாக்கியது அது. அவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்து, "இதுதான்க்கா. எங்க வீட்டுப் பூ இந்தக் கலர்தான்" என்றார்.

பூ முழுவதையும் அந்தச் சிவப்பிலும் ஆரஞ்சிலும் கறுப்பிலும் முடித்தேன். இருட்டான தோலில் பூவை வெளிச்சமாக்க முடியாது, சுற்றியிருப்பதை அதைவிட இருட்டாக்கலாம். இலைகளையும் நிழலையும் கனத்த கறுப்பில் போட்டு, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் தோலை மெல்லிசாக விட்டுவைத்தேன். இதழின் விளிம்பு அந்த விட்டுவைத்த இடம்தான், அங்கே ஊசி படவே இல்லை. நடுத்தண்டின் மகரந்தம் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் வேலை செய்யும்போது சிவந்து தடிப்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நிறமும் இறங்காத மாதிரியே இருக்கும். இன்னொரு தடவை போகலாம் என்று கை துடிக்கும். அப்படிப் போனால்தான் தோல் கிழிந்து தழும்பாகிறது, சிலருக்குக் கெலாய்டாகத் தடித்துவிடுகிறது. பிறகு 'உங்க தோல் அப்படி' என்று பழியைத் தோலின்மேல் போடுகிறார்கள். கலர் செட் ஆகாது என்று டீச்சரிடம் சொன்னவர்கள் பொட்டு வைத்துப் பார்த்தார்களா? ஆறும்வரை காத்திருந்தார்களா? ஒரு ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இந்த நிறங்கள் உனக்கு இல்லை என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

பழுப்பிலிருந்து தொடங்குவது

அந்தத் தோளை மனசில் வைத்துக்கொண்டு மாடி அறைக்குப் போனபோது வெள்ளைக் கேன்வாஸைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கடையில் விற்கிற கேன்வாஸ் வெள்ளைப் பூச்சோடுதான் வரும். வெள்ளையிலிருந்து தொடங்கினால் கறுத்த கையை வரைவது என்பது வெள்ளையை அழுக்காக்கிக்கொண்டே போவது மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு தீற்றலும் முந்தினதைவிட இருட்டு, கடைசியில் கை மண்ணாகப் படுத்துவிடும். முதலில் நடுநிறம் ஒன்றைப் பூசிவிட்டு அதிலிருந்து மேலேயும் கீழேயும் போவது ஐரோப்பிய எண்ணெய் ஓவியர்கள் பல நூற்றாண்டாகச் செய்து வந்தது, எனக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததுதான். பாடத்தில் படித்தது கைக்கு வர ஒரு தேவை வேண்டியிருந்தது. அடர் பழுப்பான பர்ன்ட் அம்பரும் மண் மஞ்சளான யெல்லோ ஓக்கரும் கொஞ்சம் நீலமும் கலந்து, டீச்சரின் தோளில் வெயில் படாத பக்கம் இருந்த நிறத்துக்கு வந்ததும் கேன்வாஸ் முழுக்கப் பூசினேன். காயவைத்துவிட்டு அதன்மேல் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களை வரைய ஆரம்பித்தேன். பல இடங்களில் அடிப்பூச்சை அப்படியே விட்டேன். மூன்று பெண்களின் முன்கையிலும் கழுத்திலும் தெரிவது அதுதான். வெயில் பட்ட மேல்பக்கத்துக்கு மட்டும் ஓக்கரும் ஆரஞ்சும்.

இந்த இடத்தில் ஓவியர் இளையராஜாவை நினைக்காமல் இருக்க முடியாது. 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. பத்திரிகைகளில் அச்சான அவருடைய பெண்களைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு. ஜன்னல் வெளிச்சம் படுகிற கறுத்த கன்னத்துக்கு அவர் வெள்ளையைத் தேடிப் போகவில்லை, பழுப்புக்குள்ளேயே வெளிச்சத்தைத் தேடினார். அந்தப் படங்களின் பிரதிகளை முன்பு பார்த்தபோது என்ன நுணுக்கம் என்று வியந்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். செம்பருத்திக்குப் பிறகு பார்த்தபோது அந்தக் கன்னங்களில் எது பூசியது, எது விட்டுவைத்தது என்று தேட ஆரம்பித்தேன்.

படம் முடிகிற நிலையில் ஏதோ ஒட்டவில்லை. பெண்கள் ஒரு பக்கம், தெரு ஒரு பக்கம், குடங்கள் ஒரு பக்கம் என்று இருந்தது. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை, பெயின்டை இளக்கும் மீடியத்தில் நன்றாகக் கரைத்து, கண்ணாடி மாதிரி மெல்லிசாக, படம் முழுக்க மேலே பூசினேன். தோல் செய்வதை நான் செய்தேன். தெருவும் புடவையும் கைகளும் ஒரே வெயிலுக்குள் வந்துவிட்டன. ஆனால் குடங்களும் அடங்கிவிட்டன. பிளாஸ்டிக் அப்படி அடங்காது, சென்னைத் தெருவில் எந்த வெயிலிலும் அது தனியாகக் கத்தும். பூச்சு காய்வதற்குள் ஒரு துணியை விரலில் சுற்றிக் குடங்களின் மேலிருந்து மட்டும் அதைத் துடைத்து எடுத்தேன். ரோஸ் மறுபடி ரோஸாக எழுந்தது, பக்கத்தில் இருந்த கை அப்போதுதான் உயிரோடு தெரிந்தது. கண்காட்சியில் அந்தப் பெரியவர் பார்த்தது இதைத்தான். தோளில் என்னால் ஒருபோதும் செய்ய முடியாத காரியம் இது. யாருடைய நிறத்தையும் மேலிருந்து துடைத்து எடுக்க எனக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை. கேன்வாஸ் அந்த உரிமையைக் கொடுக்கிறது. பிடிக்காவிட்டால் மாதக்கணக்கில் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம், யாரிடமும் கேட்காமல் பாதிப் படத்தைச் சுரண்டலாம். அதற்காகத்தான் ராத்திரி கழுத்து வலியோடு மாடி ஏறுகிறேன்.

அங்கிருந்து கடைக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் வருகிறவர்களுக்கு வெள்ளைத்தாளில் வரைந்து காட்டுவதில்லை. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட்டில் வரைகிறேன். ஐபேடில் செய்தால் அவர்களுடைய கையைப் படம் எடுத்து, வரைந்த நிறத்தின்மேல் அந்தத் தோலை, கீழே இருக்கும் நிறத்தை இருட்டாக்கிக் காட்டுகிற மல்டிப்ளை முறையில் போட்டுக் காட்டுகிறேன். போனில் கொண்டுவந்த இளம் ரோஸ் என்ன ஆகும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். சிலருக்கு முகம் வாடும். அப்போது டீச்சரின் சிவப்பைக் காட்டுவேன், அவர் சம்மதத்தோடு எடுத்த படம், ஆறிய பிறகு எடுத்தது. டாட்டூ போட யோசிப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: எந்தக் கடைக்குப் போனாலும் உங்கள் நிறத்தில் ஒருவருடைய ஆறிய படத்தைக் காட்டச் சொல்லுங்கள், பொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஓவியக் கல்லூரியிலிருந்து பையன்களும் பெண்களும் வேலை கற்றுக்கொள்ள வருகிறார்கள். மெஷினைத் தொடுவதற்கு முன்னால், வெள்ளை டியூபை எடுத்து வைத்துவிட்டு, அவரவர் முன்கையின் நிறத்தைக் கலந்து காட்டச் சொல்கிறேன். உள்பக்கம் ஒரு நிறம், வெளிப்பக்கம் ஒரு நிறம். திருவொற்றியூர்ப் பெண் ஒருத்தி தன் கைக்குக் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று கண்டுபிடித்தாள். இன்னொரு பையனுக்கு என்னோடு உடன்பாடே இல்லை. நம் தோலுக்குக் கறுப்பும் புள்ளியும்தான் சரி, பாட்டிகள் கண்டுபிடித்து வைத்ததை விட்டுவிட்டு நாம் ஏன் கலரைத் துரத்த வேண்டும் என்கிறான். "கலர் வேணும்கற ஆசையே அந்த வெள்ளைக்காரப் படத்துலேர்ந்துதானேக்கா வருது?" நல்ல கேள்வி. என் பாட்டியின் கையை நினைத்தால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது, டீச்சர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னதை நினைத்தால் என் பக்கம் இருக்கிறது. தினமும் டீ நேரத்தில் இந்தச் சண்டைதான். போன வாரம் அவனே கெண்டைக்காலைக் காட்டி, போட்டுத்தான் பாருங்களேன் என்றான். ஆரஞ்சு, அடர் சிவப்பு, மயில் நீலம் மூன்றும் வைத்திருக்கிறேன். ஆறட்டும், அப்புறம் மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம்.